வீல்சேருக்குத் துணை நாய்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பயிற்சியாளர் எப்படி?

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில், தென்னந்தோப்புக்குள்ளே வீடு கட்டிக்கொண்டு நாய் பழக்கிக் கொடுக்கிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், கையில் இருக்கிற நாய்களுக்கே நேரம் பத்தவில்லையாம். ஊரில் எல்லோருக்கும் அவர் பட்டாளத்துக்காரர், எனக்குச் சேட்டன். முதுகுத்தண்டு அடிபட்டு வீல்சேரில் இருக்கிற பலர் "நாய் வாங்கினா நிஜமாவே உதவியா இருக்குமா, இல்ல வீடியோல காட்டறதோட சரியா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் நிலைமையைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் தென்னை ஏறிக்கொண்டிருந்தவன், மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பாலக்காட்டுச் சித்தூர், பொள்ளாச்சி இரண்டு பக்கமும் தென்னைதான் பிழைப்பு, அதனால் என்னை மாதிரி விழுந்தவர்கள் இந்த எல்லை ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் மனைவி நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். அவள் தொழுவத்திலோ பால் சொசைட்டியிலோ இருக்கும் நேரம் நான் தனி. கையிலிருந்து போன் நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் அவள் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குனிந்து எடுக்கப் பார்த்து வீல்சேரோடு சாய்ந்த ஆட்களை எனக்குத் தெரியும். எங்கள் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் (நடமாட முடியாதவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்கிறவர்) ஒருமுறை பேச்சுவாக்கில் நாயைப் பற்றிச் சொன்னார், பிறகு நானே விசாரித்துச் சேட்டனிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் எல்லைப் பாதுகாப்புப் படையில் நாய் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குவாலியர் பக்கம் டேகன்பூரில் அந்தப் படைக்கு நாய்ப் பயிற்சி மையம் இருக்கிறது, அங்கே படித்தவர். இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. வெடிமருந்து மோப்பம் பிடிக்கவும் ஆளைப் பிடிக்கவும் பழக்கியவர் வீல்சேர்க்காரனுக்கு என்ன பழக்குவார் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அவர் எடுத்த எடுப்பிலேயே அதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்: "தம்பி, அங்க நாய்க்கு வேகம் வேணும். உனக்கு வேண்டிய நாய் தட்டு விழுந்தாலும் திரும்பிப் பார்த்துட்டு மறுபடி படுத்துக்கணும்." காவல் வேலையும் துணை வேலையும் ஒரே நாய்க்கு ஆகாது என்பதில் அவர் ரொம்பக் கறார். அந்நியரைப் பார்த்துக் குரைக்கிற நாய் ஆஸ்பத்திரிக்குக் கூட வர முடியாது அல்லவா.

அவர் சேவையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். முதலில் வந்தபோது நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் வந்தவர் திண்ணையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் எழுந்து வீல்சேருக்கு மாறுவதிலிருந்து ராத்திரி படுக்கப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். எது கீழே விழுகிறது, எதற்கு மனைவியைக் கூப்பிடுகிறேன், எந்தக் கதவில் வீல்சேர் இடிக்கிறது, எல்லாம் ஒரு நோட்டில் போனது. மறுநாள் அந்த நோட்டை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். கீழே விழுந்ததை எடுத்துத் தருவது, ஃபிரிட்ஜ் கதவையும் அறைக் கதவையும் திறந்து மூடுவது, சாக்ஸைக் கழற்றுவது, ஆபத்து என்றால் மனைவியைக் கூப்பிடுவது. இவ்வளவுதான். நான் சரிவில் வண்டியை இழுக்கவும் பழக்கித் தரச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்று சொல்லிவிட்டார். நாயின் தோளும் இடுப்பும் கெட்டுப்போகும், அது ஒரு பக்கமாக இழுத்தால் வண்டியும் கவிழும் என்றார். சர்க்கரை குறைவதை மோப்பம் பிடிக்கிற நாய், வலிப்பு வரும்போது உதவுகிற நாய், பார்வை இல்லாதவருக்கு வழிகாட்டும் நாய் இதெல்லாம் கேட்டு வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுகிறார். தனக்குத் தெரியாத வேலைக்குக் காசு வாங்காத ஆள் கிடைப்பது இந்தத் தொழிலில் பெரிய விஷயம்.

வெளிநாட்டில் இது பழைய வேலைதான். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய்களுக்கு ஜெர்மனியில் முதல் உலகப் போரின்போதே பள்ளி வந்துவிட்டது, அமெரிக்காவில் 1929-ல் வந்தது. வீல்சேரில் இருப்பவர்களுக்கு நாய் பழக்குவதைக் கலிபோர்னியாவில் பானி பெர்கின் என்ற அம்மா 1975-ல் ஆரம்பித்தார். அங்கெல்லாம் குட்டியை முதலில் ஒரு குடும்பத்தில் விட்டு ஒரு வருஷத்துக்கும் மேல் வளர்த்து, அப்புறம் பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் விட்டு, கடைசியில்தான் ஆளோடு சேர்த்துவைப்பார்கள். அப்படியும் தேறாமல் போகும் நாய்கள் ஏராளம். இங்கே நமக்கு அந்த வசதி இல்லை, நம் வீட்டு நாயை நம் வீட்டிலேயே பழக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நாயைத் தேர்ந்தெடுப்பதில் அவசரமே படக்கூடாது.

என்ன நாய் என்று கேட்பீர்கள். எங்களுடையது கறுப்பு லேப்ரடார், பெண், பெயர் ராணி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் நாய்கள் இருக்கும்போது எதற்கு லேப்ரடார் என்று பொள்ளாச்சியில் என் மாமாகூடச் சண்டைக்கு வந்தார். சேட்டன் சொன்ன பதில் எனக்குச் சரியாகப் பட்டது. நம் நாய்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வந்தவை, துரத்திப் பிடிக்கிற புத்தி. லேப்ரடார் சுட்டு விழுந்த பறவையைக் கெடாமல் வாயில் எடுத்துவந்து கொடுப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. அதன் வாய்ப்பிடி அவ்வளவு மெது. ராணி மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால் ஈரம் இருக்கும், ஒரு பல் தடம் இருக்காது. நாட்டு நாயில் நல்ல குணமுள்ளது அமைந்தால் அதையும் பழக்குவேன் என்றார், ஆனால் வளர்ந்த நாயாக இருக்க வேண்டும், குணத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாராம்.

லேப்ரடாரில் இன்னொரு சங்கதி, அதன் பசி. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் கண்டுபிடித்தது இது: லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறதாம். அவர்கள் பார்த்த துணை நாய்களில் நாலில் மூன்றுக்கு இருந்ததாம். தீனிக்காக எதையும் செய்யும் நாய் சீக்கிரம் பழகும், அதே நாய் சீக்கிரம் குண்டாகும். சேட்டன் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டார். பயிற்சிக்குக் கொடுக்கும் தீனி எல்லாம் அன்றைய சாப்பாட்டிலிருந்து எடுத்து வைத்ததாகத்தான் இருக்க வேண்டும், தனி பிஸ்கட் கிடையாது. என் அம்மா ஒளித்து ஒளித்து மிக்சர் கொடுப்பதைப் பார்த்துவிட்டு அம்மாவையே கூப்பிட்டு, "இனி நீங்கதான் இதுக்குக் காலைச் சாப்பாடு அளந்து வைக்கணும்மா" என்று பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டார். அன்றோடு மிக்சர் நின்றது.

குட்டிக்கு ஒரு வயது ஆகும்போது இடுப்பெலும்பு எக்ஸ்ரே எடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக மாட்டார். இந்த இனத்தில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் கோளாறு வரும், அப்படிப்பட்ட நாயை வேலை வாங்கினால் நாலு வயதில் நொண்டும். திருச்சூர் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எடுத்தோம். வீல்சேரோடு அவ்வளவு தூரம் காரில் போய் வந்தது சிரமம்தான், ஆனாலும் அவர் பிடிவாதம் நியாயமானது.

பயிற்சி எப்படி நடக்கிறது என்பதற்கு ஃபிரிட்ஜ் கதவு ஒன்றைச் சொன்னால் போதும். கதவுக் கைப்பிடியில் கட்ட நான் தேங்காய் நார்க் கயிறு எடுத்துக் கொடுத்தேன், வீட்டில் அதற்கா பஞ்சம். அவர் அதை வாங்கி விரலில் உரசிக் காட்டினார், நார் ஈறைக் கிழிக்கும் என்று. பழைய வேட்டியைக் கிழித்து மூன்று பிரியாகப் பின்னி, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டினார். முதலில் கதவே இல்லை, வெறும் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நாய் அதை வாயால் தொட்டாலே நாக்கால் ஒரு 'டொக்' சத்தம் கொடுத்து ஒரு வாய் தீனி. தொட்டது இழுப்பாயிற்று, இழுப்பு கதவுக்குப் போயிற்று. கடைசியில் கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருப்பதை மோந்து பார்க்காமல் ஒதுங்கி நிற்பது, அதற்குத்தான் அதிக காலம் பிடித்தது. அடி கிடையாது, கழுத்துச் சங்கிலியை வெட்டி இழுப்பது கிடையாது. செய்யவில்லை என்றால் பேசாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார், கொஞ்ச நேரம் கழித்து ஒரு படி குறைத்து மறுபடி ஆரம்பிப்பார். பட்டாளத்து ஆள் இவ்வளவு பொறுமையாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

போனுக்கு ஒரு துணி உறை தைத்தோம், வாயில் வழுக்காமல் இருக்க. சில்லறைக் காசையும் எடுக்கப் பழக்கலாம் என்றார், நான்தான் விழுங்கிவிடும் பயத்தில் வேண்டாம் என்றேன்.

மனைவியைக் கூப்பிடுவதற்கு அவர் செய்த ஏற்பாடு ரொம்ப நல்ல யோசனை. குரைக்கப் பழக்கினால் குரைப்பதே பழக்கமாகிவிடும் என்று, வாசலில் ஒரு வெண்கல மணியைத் தொங்கவிட்டு அதன் கயிற்றை இழுக்கப் பழக்கினார். தொழுவத்துக்குத் தெளிவாகக் கேட்கும். எல்லாம் சரியாகத்தான் போனது, ஆனி பிறக்கும்வரை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கியதும் மணி தானாகவே அடிக்க ஆரம்பித்தது, மனைவி பாதிப் பால் கறவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து பார்த்தால் நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அது பெரிய ஆபத்து, நாலு தடவை வீணாக ஓடி வந்தவள் ஐந்தாவது தடவை உண்மையாக அடிக்கும்போது வரமாட்டாள். சேட்டனிடம் சொன்னதும் மணியை உள்நடைக்கு மாற்றி, தொழுவத்துப் பக்க ஜன்னலை ஒட்டி வைத்தார். இடம் மாறியதும் ராணிக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

இனி எழுதுவதை முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் கவனமாகப் படியுங்கள், இதை யாரும் சொல்வதில்லை. நம் கால்களுக்கு உணர்வு கிடையாது. நாய் அன்பாக முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்தால் நகம் கீறியது நமக்குத் தெரியாது, ரத்தம் வந்தாலும் தெரியாது. உட்கார்ந்தே இருக்கும் உடம்பில் ஒரு சின்னக் கீறல் படுக்கைப் புண்ணாக மாறி மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும். எங்கள் பாலியேட்டிவ் நர்ஸ் நாய் வருகிறது என்றதும் முதலில் கவலைப்பட்டது இதற்குத்தான். (கேரளத்தில் 2008-லேயே பாலியேட்டிவ் பராமரிப்புக்கென்று அரசுக் கொள்கை வந்ததால் வீட்டுக்கே நர்ஸ் வருகிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய துணை.) நர்ஸும் சேட்டனும் உட்கார்ந்து பேசி ஒரு முறை வைத்தார்கள். ராணி எந்தப் பொருளையும் தரையில் நான்கு காலும் ஊன்றி நின்றுதான் நீட்ட வேண்டும், மடிமேல் காலே வைக்கக்கூடாது, யார் கூப்பிட்டாலும். நகத்தை வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய முனை கூராக இருக்கும், அரம் போட்டு மழுங்கடிக்க வேண்டும். இரவு படுக்கும் முன் கைக்கண்ணாடியை வைத்துத் தொடை, கணுக்கால், குதிகால் எல்லாம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். யூரின் பேக்கின் டியூப் இன்னொன்று: வாயால் இழுக்கப் பழகிய நாய்க்குத் தொங்குகிற டியூப் ஒரு கயிறுதான். முடிச்சு உள்ளதை மட்டுமே இழுக்க வேண்டும் என்று ராணிக்குப் பழக்கி, பழைய டியூபைத் தொங்கவிட்டுப் பல நாள் சோதித்துப் பார்த்த பிறகுதான் என் பக்கத்தில் விட்டார். டியூபையும் உடம்போடு ஒட்டிக் கட்டச் சொன்னார். வேறு எந்தப் பயிற்சியாளரிடம் போனாலும் இந்த இரண்டையும் கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாதவரிடம் நாயை விடாதீர்கள்.

வெளியே கூட்டிப் போவதைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை, இதில் சேட்டனின் குறை ஒன்றும் இல்லை. அவருடைய வீட்டம்மா ஒரு மஞ்சள் கோட்டு தைத்துக் கொடுத்தார், ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் 'வேலையில் இருக்கும் நாய், தொடாதீர்கள்' என்று எழுதி. கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடையில் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொள்ள விடுகிறார்கள், ரேஷன் கடையிலும் தகராறு இல்லை. ஒரு ஓட்டலில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், ஒரு பஸ்ஸில் ஏற்றவே இல்லை. ரயில் என்றால் முதல் வகுப்பில் முழு அறையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டிக் கூண்டுதான், பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் போய் வருகிறவனுக்கு இரண்டும் ஆகாது. அமெரிக்காவில் சட்டப்படி கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: இது ஊனத்துக்காக வேண்டிய நாயா, என்ன வேலைக்குப் பழகியிருக்கிறது. அதற்குமேல் காகிதம் கேட்கக்கூடாது. இங்கே இப்படி ஒரு தெளிவான விதி வந்தால் கடைக்காரருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை எடுத்துச் சொல்கிறது, ராணியோடு பஸ் ஏற எனக்கு அது இன்னும் உதவவில்லை. சான்றிதழ் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள், அது அவர்களே அச்சடித்த காகிதம். சேட்டன் சான்றிதழே தருவதில்லை.

தெருநாய் தொல்லை தனி. கேரளத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டமாக வந்து சூழ்ந்தால் வீல்சேரில் இருக்கிறவன் தன் நாயைத் தூக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அதனால் காலை ஆறு மணிக்கு மேல் டீக்கடை திறந்து ஆள் நடமாட்டம் வந்த பிறகுதான் கிளம்புகிறோம், பங்குனி சித்திரையில் வெயில் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும், தார் ரோட்டில் பாதம் வெந்துவிடும். ரேபிஸ் ஊசி வருஷா வருஷம், பஞ்சாயத்து லைசன்ஸ் கட்டாயம்.

குறைகள். சேட்டன் வீட்டு வாசலில் மூன்று படி, சரிவு கிடையாது. வீல்சேர்க்காரர்களுக்கு நாய் பழக்குகிற வீட்டில் இது இருக்கவே கூடாது, நான் நேரிலும் சொல்லிவிட்டேன், கட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். போனை எடுக்கவே மாட்டார். பயிற்சியில் எதையும் எழுதித் தருவதில்லை, எல்லாம் வாய்வார்த்தை, அதனால் நாங்களே வீடியோ எடுத்து வைத்துக்கொண்டோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் ஒரு மாதிரி, இன்னொருவர் வேறு மாதிரி கட்டளை கொடுத்து நாயைக் குழப்பிவிடுவீர்கள்.

காசு விஷயம். வீட்டுக்கு வந்து பழக்க மாதம் 8,000 ரூபாய் வாங்குகிறார், ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகும். தீனி, ஊசி, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து மாதம் ஐயாயிரம் தனி. உண்ணி மருந்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், மாடு உள்ள வீட்டில் உண்ணிக் காய்ச்சல் நாயைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மலிவு என்று சொல்ல மாட்டேன். பால் காசிலிருந்து எடுத்துக் கட்டினோம், சில மாதம் இழுத்துப் பிடித்தோம், கேட்டால் தவணை கொடுப்பார்.

வீட்டில் நாயைக் குளிப்பாட்டவும் நடத்தவும் இன்னொரு ஆள் இல்லாமல் தனியாக இருப்பவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். முப்பது கிலோ நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் நாம் தூக்க முடியாது. எட்டு, பத்து வயதில் அதற்கு ஓய்வும் கொடுக்க வேண்டும், அதன் பிறகும் அது நம் வீட்டில்தான் இருக்கும், அதற்கும் மனசு வேண்டும். அந்த ஆள் பலம் இருக்கிற வீட்டுக்கு, தயங்காமல் போங்கள் என்று சொல்வேன். இப்போது மனைவி சொசைட்டிக்குப் போகும்போது என்னை நாலு முறை திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்கு அது ஒன்றே கொடுத்த காசுக்குச் சரி.

ஆடிக் காற்று ஓயும்வரை புதிதாக நாய் எடுக்க மாட்டாராம். ஆவணியில் இரண்டு நாய்க்கு இடம் இருக்கிறது என்று போன வாரம் சொன்னார். சித்தூர் தாலுகாவுக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்கு வருவார். வேண்டியவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன். குட்டியை மட்டும் அவசரப்பட்டு வாங்கி வைத்துவிடாதீர்கள், அவர் பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள்.